நிலுவை: 1

காலை எட்டே காலுக்கு
கொடுங்கையூர் பள்ளியின் மூன்றாம் மாடியில்
ஏ.சி. சொட்டும் வாளியை முதலில் காலி செய்வேன்.
அப்புறம்தான் கணினி.
நேற்றிரவு பிள்ளைகள் தேடியதெல்லாம்
சிவப்பு மஞ்சள் பச்சை என்று
தரம் பிரித்த தக்காளி மாதிரி
எனக்காகக் கூடையில் இருக்கும்.

மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது.
பையன்கள் ஆங்கில எழுத்தில் ‘டேய்’ என்று அடிக்க
டேப்லெட் அதை ‘டை’ என்று திருத்த
மென்பொருள் சாவு என்று படிக்கும்.
ஒன்பது பி-யில் முதல் வாரம்
நாற்பத்தொரு தற்கொலை எச்சரிக்கை.
எல்லாம் தாரகேஷ்.
கிரவுண்டுக்கு வாடா என்று
நாற்பத்தொரு தரம் ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கிறான்.
அவன் வந்தானா இல்லையா
அறிக்கையில் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில்
துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டும் அப்பா ஒருவர் எழுந்தார்.
“நல்லா பாருங்க மிஸ்.
எண்ணூர் ரோட்டுல ராத்திரி பூரா கியூல நிக்கிறேன்,
இவன் என்னா பண்றான்னு எனக்கு எப்டித் தெரியும்?”
கைதட்டினார்கள்.
ரெஹானாவின் அம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்,
“எம் பொண்ணு பைய நான் தொறந்ததில்ல.
வேணும்னா கேப்பேன்.”
யாரும் தட்டவில்லை.
இரண்டு பேர் மட்டும்
மடியிலிருந்த கைப்பையைக் குனிந்து பார்த்தார்கள்.
தாளாளர் தலைக்கு இவ்வளவு கட்டணம் என்று சொல்லி முடிக்க
சமோசா வந்தது.

நான் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நான் உள்ளே வரும் நேரமும் எழுந்து போகும் நேரமும்
அதே திரையின் ஓரத்தில் பதிவாகிறது.

செவ்வாய்க்கிழமை, சிவப்பு.
ஷர்மிதா. இரவு 11.52.
எழுத்துப்பிழையோடு ஆங்கிலத்தில்
மார்பில் கட்டி.
மார்பில் கட்டி வலிக்கவில்லை என்றால்.
மார்பில் கட்டி அம்மா வயது முப்பத்தெட்டு.
வகை: ஆபாசம்.
மூன்று தரமும் தடை.
12.20-க்கு,
ராயப்பேட்டை ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குத் திறக்கும்.
அது பச்சை.

‘எடுத்த நடவடிக்கை’ என்றொரு கட்டம் உண்டு.
தொட்டால் மூன்று பதில் விழும்.
மாணவியை எச்சரித்தேன்.
பெற்றோருக்குத் தெரிவித்தேன்.
முதல்வருக்கு அனுப்பினேன்.
பெற்றோர் என்று பதிந்திருக்கும் எண்
அவள் அம்மாவுடையது.

இந்தச் சனியன் இல்லாவிட்டால்
எனக்குத் தெரிந்தே இருக்காது, அது உண்மை.
தெரிந்து என்ன கிழித்தேன்?
பெங்களூருக்கு ஒரு மெயில் போட்டேன்,
மார்பு என்பது உடம்பில் ஓர் உறுப்பு என்று.
உங்கள் புகார் எண் இது, பொறுமைக்கு நன்றி என்று
அரை நிமிடத்தில் பதில்.

லேப் பீரியடில் வந்தாள்.
“மிஸ், மவுஸ் நகரல.”
எப்படித் தொடங்குவது?
“வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா” என்றேன்.
ஒரு விநாடி என்னைப் பார்த்தாள்,
பிறகு எனக்குப் பின்னாலிருந்த திரையை.
அந்த விநாடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது.
“நல்லா இருக்காங்க மிஸ்.”
மூன்றாவது டேபிள் மவுஸைக் கழற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவள் வரிசை முழுக்கப் பச்சை.
ஒளிச்சேர்க்கை. இருபடிச் சமன்பாடு.
மார்கழிக் கோலம், பதினைந்து புள்ளி.
ஒன்பது மணிக்கு மேல் ஒன்றுமே இல்லை.
இவ்வளவு நல்ல பிள்ளையை
என் பதினோரு வருட சர்வீஸில் பார்த்ததில்லை.
‘நிலுவை: 1’ மட்டும் திரையின் உச்சியில் நிற்கிறது.
முதல்வர் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.
பார்க்கிறேன் சார் என்றேன்.

நேற்று ரெஹானாவின் கணக்கில்
இரவு 12.05-க்கு
தமிழில், தமிழ் எழுத்திலேயே:
‘பயாப்ஸி ரிசல்ட் வர எத்தனை நாள் ஆகும்’.
மென்பொருள் தூங்கிக்கொண்டிருந்தது.
பச்சைகூட இல்லை, வெறும் வெள்ளை.

நான் அந்த வரியைப் பார்க்கவில்லை.
வாளியைத் தூக்கிக்கொண்டு
தண்ணீர் கொட்டப் போயிருந்தேன்.